பந்தியும் கரண்டியும்

(பைல் நாட்டில் நடைபெற்ற மலைச்சபைகளின் ஸ்தோத்திரக் கூடுகையில் நமது மருத்துவமனையின் குருவானவர் அளித்த செய்தி. கூடுகைக்கு வர இயலாத பங்காளர்களின் பொருட்டு இங்கே வெளியிடுகிறோம்.)



 பைல் நாட்டுச் சபையாருக்கும், வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு ஆகிய இடங்களிலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்திருக்கிற விசுவாசிகளுக்கும் என் அன்பின் வாழ்த்துகள். கீழேயிருந்து வந்திருக்கிற நமது மருத்துவமனைப் பங்காளர்களையும் ஊழியர்களையும் வாழ்த்துகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் காலையில் சாப்பிட்டதை வழியிலேயே விட்டுவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்கு மத்தியானப் பந்தி சீக்கிரம் வரவேண்டும். நான் பேசப்போவதும் பந்தியைக் குறித்துத்தான்.

நம்முடைய தியானத்திற்கு எடுத்துக்கொண்ட பகுதி அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ம் அதிகாரம், முதல் 7 வசனங்கள். வீட்டிற்குப் போனபின் வேதாகமத்தைத் திறந்து நிதானமாய் வாசியுங்கள். நிகழ்ச்சியை மாத்திரம் நான் சொல்லுகிறேன்.

எருசலேமில் ஆதித் திருச்சபை பெருகி வந்த காலம் அது. விசுவாசிகள் யாவரும் யூத மார்க்கத்திலிருந்து வந்தவர்களே. ஆனாலும் அவர்களுக்குள் இரண்டு கூட்டத்தார் இருந்தார்கள். ஒரு கூட்டத்தார் உள்ளூர் பாஷை பேசுகிறவர்கள். மற்றவர்கள் வெளிதேசங்களில் வளர்ந்து, கிரேக்க பாஷை பேசி, அந்தப் பழக்கவழக்கங்களோடு வந்தவர்கள். சபையில் விதவைகளுக்குத் தினந்தோறும் சாப்பாடு கொடுக்கிற ஒழுங்கு இருந்தது. அந்த விசாரிப்பில் கிரேக்க பாஷை பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக வேதம் சொல்லவில்லை. ஆனால் விடுபட்டவர்கள் ஒரே பக்கத்தார். அதனால் முறுமுறுப்பு உண்டாயிற்று.

இப்போது அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறுமுறுத்தவர்களை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "விசுவாசிகள் சாப்பாட்டுக்காகச் சண்டை போடலாமா" என்று புத்திமதி சொல்லவில்லை. சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். சபையார் தெரிந்துகொண்ட அந்த ஏழு பெயர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நான் இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் எனக்குப் புரிய இருபது வருஷத்திற்கு மேலாயிற்று.

யாருக்குச் சாப்பாடு விடுபட்டதோ, அவர்களைச் சேர்ந்தவர்களின் கையிலேயே பந்திவிசாரணை முழுவதையும் சபை ஒப்படைத்துவிட்டது. "உங்களுக்கும் ஒரு இலை போடுகிறோம்" என்று சொல்லி நிறுத்தவில்லை. கரண்டியையே கையில் கொடுத்துவிட்டார்கள். எபிரெய விதவைகளுக்கும் இனி அவர்கள்தான் பரிமாறவேண்டும். இதைத்தான் நான் ஐக்கியம் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் சொன்ன பொய்

மற்றவர்களைப் பற்றிப் பேசும் முன்பு என் குற்றத்தை அறிக்கை செய்கிறேன். 20 ஆண்டுகளுக்கு மேலிருக்கும். நமது மருத்துவமனை வண்டியில் நான் இந்த மலைக்கு வரத் தொடங்கிய புதிது. எங்கள் வார்டில் நீண்ட நாள் படுத்திருந்து சுகமான ஒரு பெரியவரின் வீட்டிற்கு ஜெபிக்கப் போனேன். ஜெபம் முடிந்ததும் வீட்டம்மா ஒரு தட்டில் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். வண்டியில் என் டிபன் கேரியர் இருந்தது. நான், "இப்போதுதான் சாப்பிட்டேன் அம்மா, வயிறு நிறைந்திருக்கிறது" என்றேன்.

அது பொய். ஜெபம் செய்த வாய் மூடுவதற்குள் சொன்ன பொய். தண்ணீர் எப்படியோ, பாத்திரம் எப்படியோ என்று என் மனம் காரணம் தேடியது. ஆனால் உள்ளே இருந்தது சுத்தத்தைப் பற்றிய கவலை மாத்திரம் அல்ல என்பது எனக்கே தெரியும்.

பெரியவர் கோபப்படவில்லை. "ஐயா, உங்க ஆஸ்பத்திரியில நாங்க ஒண்ணரை மாசம் உங்க சோத்தைச் சாப்பிட்டோம். எங்க சோத்தை நீங்க ஒரு வாய் சாப்பிடக்கூடாதா?" என்று மாத்திரம் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து வண்டி ஏறினேன். அன்று அந்த டிபன் கேரியரைத் திறக்க என்னால் முடியவில்லை.

அடுத்த மாதம் அதே வீட்டிற்குப் போய், "அம்மா, இன்றைக்குப் பசியோடு வந்திருக்கிறேன்" என்றேன். களி வந்தது. எனக்குக் களி சாப்பிடத் தெரியவில்லை. சோறு போலப் பிசைந்தேன், மென்றேன், பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பேரன் ஒருவன் அருகில் உட்கார்ந்து, சிறு உருண்டையாய் எடுத்து, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொடுத்தான். பிரசங்கம் செய்யப் போனவன் அன்று அந்தப் பையனிடம் பாடம் கேட்டேன். அதுவரைக்கும் அந்த வீட்டாருக்கு நான் கொடுக்கிறவன். அன்றுதான் அவர்களுக்குச் சகோதரன் ஆனேன்.

பழைய வியாதி

பிரியமானவர்களே, இது எனக்கு மாத்திரம் வந்த சோதனை அல்ல. பேதுருவுக்கே வந்தது. கலாத்தியருக்கு எழுதின நிருபம் 2ம் அதிகாரத்தில் பவுல் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். உபதேசத்தில் அவர் தவறவில்லை. பந்தியில் தவறினார். பவுல் அதைச் சிறிய காரியம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே இதில் அடங்கியிருக்கிறது என்று கண்டு, எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்தார்.

நம்முடைய தமிழ்த் திருச்சபையின் சரித்திரத்திலும் இந்த வியாதி ஆழமாய் வேர் விட்டிருக்கிறது. 1833ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று கட்டளைக் கடிதம் அனுப்பினார். உட்காரும் இடத்திலும் திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் வேற்றுமை கூடாது என்பது அதன் கருத்து. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதற்குக் கீழ்ப்படிய மறுத்துச் சபையை விட்டுப் பிரிந்து போனார்கள். ஞானஸ்நானம் பெற்று, ஞானப்பாட்டுகளைப் பாடி, தலைமுறை தலைமுறையாய்க் கிறிஸ்தவர்களாய் இருந்தவர்கள் அவர்கள். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண மாத்திரம் அவர்களால் முடியவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் நம்முடைய கத்தோலிக்க சகோதரர் 1872ல் ஒரு ஆலயம் கட்டினார்கள். அதற்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு சாதியார். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவே சுவர். அந்தச் சுவர் 1910ல் இடிக்கப்பட்டது. அதன்பின் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கிறிஸ்து தம்முடைய மாம்சத்தினாலே இடித்த சுவரை, அவருடைய பீடத்திற்கு முன்பாகவே நாம் மறுபடியும் கட்டினோம் என்பது எவ்வளவு வெட்கமான காரியம்!

1947 செப்டம்பர் 27ந் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் மரபுகளில் வந்தவர்கள் ஒரே சபையாய் இணைந்தார்கள். உலகமே வியந்தது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். மேல்நாட்டிலிருந்து வந்த பிரிவினைகளை நாம் இணைத்தோம். நம் வீட்டுக்குள்ளேயே பிறந்த பிரிவினைகளை இணைத்தோமா?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராய் இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. "பறட்டை அண்ணன்" என்றால் பலருக்குத் தெரியும். 2005ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவதே திருவிருந்தின் உட்பொருள் என்று தம் போதனையாலும் நாட்டுப்புற மெட்டில் அமைந்த பாட்டுகளாலும் அவர் கற்றுக்கொடுத்தார். தனித்தனி உலை வைக்கிறவர்கள் ஒரே அப்பத்தில் பங்கு கேட்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் பதில் சொல்லவேண்டும்.

வலி தெரிந்த சரீரம்

இந்த மலையில் நின்று பேசும்போது ஜெஸ்ஸி பிராண்ட் ஐயாவையும் ஈவ்லின் அம்மாளையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1913ல் வாலிபத் தம்பதியராய் இந்தக் கொல்லிமலைக்கு வந்து வாழவந்தியில் தங்கினார்கள். அன்று மலைக்கு ரஸ்தா இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் யாரும் அவர்களோடு சேரவில்லை. முக்கியமாய் எதிர்த்தவர் ஒரு பூசாரி. கொடிய காய்ச்சல் பரவியபோது அவரும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். சொந்த ஜனங்களே பயந்து விலகினார்கள். பிராண்ட் தம்பதியர் அந்த வீட்டிற்குள் போய்ப் பணிவிடை செய்தார்கள். மரணத் தறுவாயில் அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

1929ல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலால் இறந்து இம்மலையிலேயே அடக்கம் பண்ணப்பட்டார். ஈவ்லின் அம்மாள் ஊழியத்தை விடவில்லை. மிஷன் சங்கம் அவர்களுக்கு ஓய்வு கொடுத்த பின்பும் மலைக்கே திரும்பி வந்தார்கள். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, நாலு பேர் கம்புகளில் கட்டி அவர்களைச் சுமந்துகொண்டு மலையிறங்கினார்கள். பிறர் பாரத்தைச் சுமந்த அம்மையாரை இப்போது அவர்கள் சுமந்தார்கள். கொடுத்தவர் வாங்கிக்கொண்டார், வாங்கியவர்கள் கொடுத்தார்கள். 1974ல் 95ம் வயதில் மரித்த அந்தத் தாயாரைத் தம் கணவர் அருகே அடக்கம் பண்ணினார்கள்.

அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் 1914ல் பிறந்தார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் அழிவதற்குப் பெரிய காரணம் சதை அழுகுவது அல்ல, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதே என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி தெரியாதவன் நெருப்பைத் தொட்டாலும் கையை எடுக்கமாட்டான். ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பான். வலியைத் தேவன் கொடுத்த ஈவு என்றே அவர் பேசினார். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவர்களை நம் வார்டில் இன்றும் பார்க்கிறோம். புண் எப்போது வந்தது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

சபையும் ஒரே சரீரம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஒரு அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடவேண்டும். அப்படியானால், சபையில் எழும்பும் முறுமுறுப்பு என்ன? அது சரீரத்தின் வலி. அதை அடக்கிவிட்டால் வியாதி சுகமாவதில்லை, மரத்துப்போகிறது. எருசலேம் அப்போஸ்தலர்கள் அந்த வலியைக் கேட்டார்கள், சபை பிழைத்தது.

நம்முடைய மூன்றாம் பந்தி

இப்போது நம் வீட்டுக் காரியத்திற்கு வருகிறேன். பங்காளர்கள் வருத்தப்படாமல் கேட்கவேண்டும்.

சென்ற ஆண்டு கீழே நமது மருத்துவமனையில் ஸ்தோத்திரப் பண்டிகை நடந்தது. மலைச்சபைகளிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கைப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பலாப்பழமும் அன்னாசியும் மிளகும் காணிக்கையாய்க் கொண்டுவந்து படைத்தார்கள். ஆராதனை முடிந்தது. முதல் பந்தியில் விருந்தினரும் பங்காளர்களும் உட்கார்ந்தோம். நானும் அதில் இருந்தேன். இரண்டாம் பந்தியில் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். மூன்றாம் பந்தியில் மலைச்சபையார். அதற்குள் கறி தீர்ந்துவிட்டது, பாயசமும் இல்லை. சாம்பார் மாத்திரம் இருந்தது. யாரும் திட்டம் பண்ணிச் செய்யவில்லை. ஆனால் விடுபட்டவர்கள் ஒரே பக்கத்தார்.

திரும்பும் வழியில் ஒரு சகோதரி, "பழம் முதல்ல போச்சு, நாங்க கடைசியில போனோம்" என்று சொன்னார்களாம். அந்த முறுமுறுப்பு என் காதுக்கு வந்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இவ்வளவு செய்கிறோம், இதுவா பேச்சு?" என்று நினைத்தேன். பிறகு 6ம் அதிகாரத்தைத் திறந்தேன்.

நமது மருத்துவ முகாமைப் பற்றியும் ஒரு வலி இருந்தது. பைல் நாட்டிற்கு நமது வண்டி வரும் கிழமையை நாம் நம் வசதிக்கு வைத்திருந்தோம். அது இங்குள்ளவர்களுக்குச் சந்தைக்குப் போகும் நாள். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெண்கள் ஒன்று சந்தையை விடவேண்டும், இல்லையானால் டாக்டரை விடவேண்டும். ஆண்டுக்கணக்காய் இது நடந்தது. "எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று நாம் ஒருமுறையாவது கேட்டிருந்தால் ஒரே நாளில் சரியாகியிருக்கும். கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஒரு கர்ப்பிணிச் சகோதரி துணிந்து சொன்ன பிறகே கிழமையை மாற்றினோம்.

ஆகவே இந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு யோசனை சொன்னேன். மலைச்சபைகள் தாங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளட்டும். பண்டிகைச் சமையலும் பந்திவிசாரணையும் அவர்கள் கையில் இருக்கட்டும். பணமும் கணக்கும்கூட அவர்களிடமே இருக்கட்டும். அதோடு, மருத்துவமனை ஆலோசனைக் குழுவில் மலைச்சபைகள் தெரிந்துகொள்ளும் இருவருக்கு இடம் கொடுக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். குழுவைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சமையலைப் பற்றிச் சொன்னவுடன் ஒரு நல்ல சகோதரர், சபைக்கு அதிகம் உழைக்கிறவர், என்னிடம் மெதுவாய், "ஐயா, அவர்கள் சமைத்தால் நம்மவர்கள் உட்காருவார்களா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. காரியம் குழம்பிவிடக்கூடாதே என்ற கவலை. ஆனால் அந்த "நம்மவர்கள்" என்ற வார்த்தை எனக்கு இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது. கிறிஸ்துவின் சபையில் "நம்மவர்கள்" யார்? வடக்கன்குளத்துச் சுவர் செங்கல்லால் கட்டப்பட்டது, அதை இடிக்க முடிந்தது. இந்த வார்த்தையை எதைக் கொண்டு இடிப்பது?

அதே சமயம் மலைச்சபையாருக்கும் ஒரு வார்த்தை. இங்கேயும் இன்னார் வீட்டில் கைநனைக்கலாம், இன்னார் வந்தால் திண்ணையோடு நிறுத்தவேண்டும் என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். கீழே நாங்கள் உங்களை நிறுத்துவதைப் போல, நீங்கள் வேறொருவரை நிறுத்தாதிருங்கள். சிலுவையின் அடியில் நின்று பார்த்தால் மலையும் சமவெளியும் ஒரே மட்டம்தான்.

ஒன்றாய் இருப்பது, ஒன்றுபோல் இருப்பது அல்ல

இன்னொரு தவறையும் சொல்லி முடிக்கிறேன். ஐக்கியம் என்றால் மலையிலுள்ளவர்கள் கீழேயுள்ளவர்களைப் போல ஆகிவிடவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கீர்த்தனையையே பாடவேண்டும், நம் ஆர்மோனியத்தையே வாசிக்கவேண்டும், நம்மைப் போலவே ஜெபிக்கவேண்டும். நடபடிகள் 15ம் அதிகாரத்தில் எருசலேம் ஆலோசனைச் சங்கம் இதே கேள்வியை விசாரித்தது. புறஜாதியார் கிறிஸ்தவர்களாவதற்கு முதலில் யூதர்களாகவேண்டுமா? வேண்டியதில்லை என்று தீர்த்தார்கள். அந்தத் தீர்ப்பினால்தான் இன்று நாம் தமிழர்களாகவே இருந்து கிறிஸ்தவர்களாய் இருக்கிறோம். நமக்குக் கிடைத்த அந்தச் சுயாதீனத்தை மலைச்சபையாருக்கு மறுக்க நமக்கு என்ன உரிமை? இன்று காலை பைல் நாட்டுச் சகோதரிகள் தங்கள் நடவுப் பாட்டின் மெட்டில் கர்த்தரைத் துதித்தார்கள். கீழேயிருந்து வந்த எங்களுக்குத் தாளம் பிடிபடவில்லை. பிடிபடாதது நல்லது. பந்தியில் எல்லாருக்கும் ஒரே இலை, ஆனால் இலையில் வைப்பது ஒரே பதார்த்தமாய் இருந்தால் அது விருந்து ஆகாது.

பங்காளர்களுக்கு ஒரு வார்த்தை. 1910ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வெள்ளாளன்விளையில் பிறந்த நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மிஷனெரிகளின் தியாகத்திற்கும் அன்பளிப்புக்கும் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களாயும் இருங்கள் என்று அவர் மன்றாடினார். அரங்கத்தில் பலருக்கு அது கசந்தது. ஆனால் நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் அதிகமாய் நினைவுகூரப்படுவது அதுதான்.

அன்று மேல்நாட்டாரிடம் அவர் கேட்டதை இன்று மலைச்சபையார் நம்மிடம் கேட்கிறார்கள். உங்கள் காணிக்கையால் மருந்து வாங்குகிறோம், வண்டிக்கு டீசல் போடுகிறோம், மலைப்பெண்களை நர்ஸ் பயிற்சிக்கு அனுப்புகிறோம். அதைக் குறைத்துவிடாதேயுங்கள்! ஆனால் பணவிடையோடு நின்றுவிடவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறி வாருங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். கொடுக்கிறவனுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியாவிட்டால், அவன் கொடுப்பதிலும் ஒரு மேட்டிமை கலந்துவிடுகிறது. நம் ஆண்டவரே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் அல்லவா? ஜீவத்தண்ணீர் கொடுக்க வந்தவர் முதலில் தாகத்தோடு கையை நீட்டினார்.

வெளியே பந்தலில் இலை போட்டாயிற்று. சாமைச் சோறு, அவரைக் குழம்பு, களி, பலாச்சுளை. சமைத்தவர்கள் பைல் நாட்டுச் சகோதரிகள். பரிமாறப் போகிறவர்களும் அவர்களே. இன்று முதல் பந்தி, மூன்றாம் பந்தி என்று இல்லை. கீழேயிருந்து வந்தவர்கள் ஒரே பக்கமாய்க் கூடி உட்காராமல், இடையிடையே கலந்து உட்காருங்கள். களி சாப்பிடத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லிக்கொடுக்கும்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, பேதுருவைப் போல எழுந்து விலகின நாட்களுக்காக எங்களை மன்னியும். எங்கள் சபைகளில் எழும்புகிற முறுமுறுப்பை வலியாய் உணர எங்களுக்குக் காதுகளைத் தாரும். வாங்குகிறவர்களுக்குக் கரண்டியைக் கொடுக்கவும், கொடுக்கிறவர்களுக்கு இலையின் முன் உட்காரவும் கிருபை செய்யும். இந்த மலையில் விதைத்துச் சென்றவர்களுக்காகவும், இன்று தாங்குகிற பங்காளர்களுக்காகவும், இந்தச் சாப்பாட்டைப் பொங்கின கைகளுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். இந்த ஆண்டுப் பண்டிகையில் எங்களை ஒரே பந்தியாய் உட்காரச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.